கதவுக்கு முதுகு கொடுத்த அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. வந்திருக்கும் உங்கள் முன் நின்று பேச எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

அக்கா கோவில்பதாகையில் பிறந்தார். நூம்பலில் வாழ்க்கைப்பட்டார். மாமா சீக்கிரமே காலமாகிவிட, அம்பத்தூரில் ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போய்த் தன்னையும் கூடவே இருந்த என்னையும் காப்பாற்றினார். அக்கா பயந்த சுபாவம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். இடி இடித்தால் மிக்ஸி பிளக்கைக்கூடப் பிடுங்கிவிட்டுக் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வார். லிஃப்டில் ஏற மாட்டார்.

ஒரு மழை நாள் சாயங்காலம், பக்கத்து வீட்டுச் செல்வி ஓடிவந்தாள். நெற்றியில் ரத்தம்.

“யக்கா, உள்ள வுடுக்கா. இன்னிக்கு அவன் என்ன கொன்னுடுவான்.”

அக்கா அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் உடைந்து கிடந்தது. தரையில் உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்து, பீரோவில் காலை ஊன்றிக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் நடுங்குவது என் தோளில் தெரிந்தது.

“அவ உள்ளதான கீறா? கதவத் தொற,” என்று செல்வியின் கணவர் கத்திக்கொண்டே உதைத்தார்.

“மழைல கதவு இறுகிக்கினு கீதுப்பா. ஆசாரி வந்தாதான் தொறக்கும்,” என்றார் அக்கா.

“ஆசாரி எப்ப வருவான்?”

“சொல்லி அனுப்பிகீறேன்.”

அந்த நிலையிலும் சிரிப்பு வந்து, செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். ஒவ்வொரு உதைக்கும் கதவு எங்கள் முதுகில் இடித்தது. தெருக்காரர்கள் வந்து அவரை இழுத்துப் போகும்வரை அக்கா நகரவில்லை. மறுநாள் செல்வியை மகளிர் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனதும் அக்காதான். வழியெல்லாம் என் கையை விடவில்லை. அதன் பிறகு செல்வி எங்களோடு தங்கிவிட்டாள்.

பிறகு அக்கா நோயில் விழுந்தார். அது முற்றியதும், ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். அக்காவுக்குக் கண்ணை மூடவே பயம். வாசலில் யாரோ நிற்பது போலிருக்கிறது என்பார். செல்வி போய்க் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

“எதுக்குடி அங்க ஒக்காந்துகினு கீற?”

“கதவு இறுகிக்கிச்சுக்கா. ஆசாரி வந்தாதான் தொறக்கும். நீ தூங்கு.”

அக்கா சிரித்தார். தூங்கினார். தினமும் அப்படித்தான். ஒரு மத்தியானம் அந்தத் தூக்கத்திலேயே போய்விட்டார். என் அழுகையைக் கேட்டு நீங்கள் வந்து தட்டினீர்கள். செல்வி கதவை விட்டு எழுந்திருக்கவில்லை.

நோயில் மருந்து வாங்கித் தந்தவர்களுக்கும், அன்று வாசலில் வெகுநேரம் காத்து நின்ற உங்கள் எல்லோருக்கும் நன்றி. திறக்கத் தாமதமானது மரியாதைக் குறைவால் அல்ல. திறந்தால் அக்காவைக் கொண்டுபோய்விடுவீர்கள் என்ற பயம்தான்.

தங்கை,
நூம்பல்