எட்டாம் கட்டிலைச் சுற்றி மஞ்சள் டேப்

வியாழன் காலை ஆறே காலுக்குத் தாம்பரத்தில் இறங்கினேன். கோவில்பட்டியில் ஏறியதிலிருந்து தூக்கமில்லை. காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தம்பி அருளுக்குப் புண்ணில் சீழ் வைத்து, இரண்டு விதமான ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை என்று தகவல்.

"சிட்லபாக்கமா சார்? மூணு கிலோமீட்டர், நூத்தி இருவது குடுங்க," என்றார் ஆட்டோக்காரர். ஆஸ்பத்திரிப் பெயரைக் கேட்டதும் சிரித்தார். "சின்ன இடம்தான். ஆனா கை கழுவாம உள்ள வுடமாட்டாங்கோ."

ஏரியைப் பார்த்த மாடியில் எட்டுக் கட்டில், தனியறை கிடையாது. கடைசிக் கட்டிலில் அருள். சுற்றிலும் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது.

"இவருக்கு வந்திருக்கிற கிருமி நிறைய மருந்துக்குக் கட்டுப்படலை சார்," என்றார் நர்ஸ் எஸ்தர். "எதுக்கு அடங்கும்னு லேப்ல பாக்கறாங்க. நாளைக்கு ரிப்போர்ட் வந்துடும். அதுவரைக்கும் பக்கத்துல யாருக்கும் ஒட்டக்கூடாது."

பதினொரு மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். அருளின் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டு, நேராகப் பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பினார். அங்கே காலில் சர்க்கரைப் புண்ணோடு ஓய்வுபெற்ற ஆசிரியர் தாமஸ் படுத்திருந்தார். தரை துடைத்துக்கொண்டிருந்த மல்லிகா நிமிர்ந்தார்.

"சார், கை."

அந்த அம்மாவுக்கு வேலை போய்விடும் என்றே நினைத்தேன். டாக்டரோ, "மறந்துட்டேன் மல்லிகா," என்று குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவிவிட்டு வந்தார்.

பிறகு மல்லிகாவிடம் கேட்டேன். "பயமா இல்லையாக்கா?"

"இன்னா பயம்? யாரா இருந்தாலும் சொல்லுன்னு அவருதான் சொல்லிக்கீறாரு. தனி ரூம் கட்ட துட்டு இல்ல. சோப்பு கீதுல்ல?"

மாலையில் மாட்டிக்கொண்டவன் நான். தாமஸ் சார் தண்ணீர் கேட்டார். அருளுக்கு முகம் துடைத்த கையோடு அவர் டம்ளரை நோக்கிப் போனேன்.

"அண்ணா, அப்டியே நில்லு!" என்று கட்டிலிலிருந்து கத்தினான் அருள்.

நின்றேன். முகம் சூடாகிவிட்டது. கழுவிக்கொண்டு வரும்வரை தாமஸ் சார் பொறுமையாகக் காத்திருந்தார்.

வெள்ளி மதியம் ரிப்போர்ட் வந்தது. விலை கூடிய புது மருந்துகளுக்கு மசியாத கிருமி, இப்போது அதிகம் பேர் எழுதாத ஒரு பழைய மருந்துக்கு அடங்குமாம். ஞாயிறு காலை அருள் இட்லி கேட்டான். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

புதன்கிழமை தாமஸ் சார் வீட்டுக்குக் கிளம்பினார். அருளுக்கு நான்கடி தூரத்தில் இத்தனை நாள் கிடந்தும் அவர் புண்ணுக்கு அந்தக் கிருமி வரவில்லை.

அடுத்த நாள் நாங்களும் கிளம்பினோம். "மாத்திரையைப் பாதியில நிறுத்தினாலும், மிச்சத்தை வேற யாருக்காவது குடுத்தாலும் கிருமி மருந்துக்குப் பழகிடும் சார்," என்று எஸ்தர் சொல்லி அனுப்பினார். ரயிலில் அருள் தூங்க, எனக்கு எங்கள் வீட்டு அலமாரி நினைவுக்கு வந்தது. காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரைகளை அங்கேதான் எடுத்துவைப்பேன். எதிர்வீட்டில் யாருக்காவது சுரம் என்றால் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அதை இத்தனை வருடமும் உதவி என்றே நம்பியிருந்தேன்.