அண்ணனின் வேனும் அமெரிக்கச் சட்டமும்

அமெரிக்கா வந்த புதிதில் எனக்கு விளங்காத ஒன்று, வாங்கிய சாமான் சரியில்லை என்று சொல்ல இங்கே யாரும் கூச்சப்படுவதில்லை என்பது. என் புதுக் கார் சிக்னலுக்குச் சிக்னல் நின்றுபோனது. நாலு தடவை டீலரிடம் விட்டும் தீரவில்லை. ஆபீஸில் பக்கத்து மேஜைப் பெண்தான், "ஒவ்வொரு தடவையும் சீட்டு வாங்கி வை, இதற்குச் சட்டம் இருக்கிறது" என்றாள். சீட்டுகளை இணைத்துக் கார் கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். கம்பெனி பழைய காரை எடுத்துக்கொண்டு வேறு புதுக் கார் கொடுத்துவிட்டது. நம்பவே முடியவில்லை.

அந்தத் தெம்பில்தான் சங்கரன்கோவிலில் இருக்கும் அண்ணன் முத்துப்பாண்டிக்கு யோசனை சொல்லப் போனேன். அண்ணன் நிலத்தை விற்றுப் புது வேன் வாங்கியிருந்தான். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் விடியலில் பறிக்கிற பூ, வெயில் ஏறுமுன் சங்கரன்கோவில் மார்க்கெட்டுக்கு வர வேண்டும். வேனோ இன்ஜின் சூடாகி, வாரத்துக்கு இரண்டு நாள் நடுவழியில் நின்றது. வாடின பூவை யார் வாங்குவார்கள்? பூக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு வண்டிக்கு மாறினார்கள். நம் ஊரிலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்த சமயம். திருநெல்வேலி நுகர்வோர் கோர்ட்டில் மனுப் போடு, வேறு வேன் கிடைக்கும் என்று, கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பினேன். அண்ணனும் போட்டான். வண்டியைப் பார்க்க மதுரையிலிருந்து ஓர் இன்ஜினியரை அனுப்புவதாகக் கம்பெனி சொன்னது.

அடுத்து வந்த கேசட்டைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். இன்ஜினியர் வருவதற்கு முந்தின நாள் அண்ணன் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணி, வேனைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டு நிறுத்தியிருக்கிறான். இன்ஜினியர் ராயகிரி வரை ஓட்டிப் பார்த்தார். வேன் ஓரிடத்திலும் நிற்கவில்லை. குறை ஏதுமில்லை என்று எழுதிக்கொண்டு, வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார். மனு தள்ளுபடியானது.

"ஏலே, மதுரைல இருந்து ஒரு மனுசன் பாக்க வாரான். அழுக்கு வண்டியவா காட்டச் சொல்லுத?" என்று என்னையே கேட்டது அண்ணன் குரல். மறுநாளே வேன் பூவோடு நின்றுவிட்டதாம். கடையநல்லூர்க்காரர் ஒருவர் அதை விலைக்குக் கேட்டிருக்கிறார். "தெரிஞ்சே அவரு தலையில கட்டிட்டு நாளைக்கு எப்படி மூஞ்சில முழிக்க? நின்னுரும்வே, வேண்டாம்னுட்டேன். அது கெடக்கட்டும். ஒன் பழைய காரு என்னாச்சு? அத யாரு தலையில கட்டுனானுவ?"

வெட்கமாக இருந்தது. இத்தனை நாளில் அதைக் கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.

சனிக்கிழமை டீலர் கடைக்குப் போனேன். என் பழைய கார் பாலிஷ் போட்டு, கண்ணாடியில் விலை எழுதி, வாசலில் நின்றது. தொழிற்சாலை உடுப்பில் வயதான ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விற்பனைக்காரன் சாவியோடு பக்கத்தில் நின்றான். என்னிடம் பெரியவர், "நல்ல கார்தானே?" என்று கேட்டார். ஆபீஸில் நாள் முழுக்கப் பேசுகிற ஆங்கிலம், அந்த விற்பனைக்காரன் முகத்தைப் பார்த்ததும் வாயில் வரவில்லை.

"நடு ரோட்டுல நின்னுரும் அண்ணாச்சி" என்று தமிழில்தான் சொன்னேன்.

வாழ்த்துகிறேன் என்று நினைத்திருப்பார் போல. சிரித்து, என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்தார்.