அம்மா போட்டுப் பார்த்த ஸ்கேட்டிங் ஷூ

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, வளைகுடாவில் வேலை பார்த்த என் அத்தா எனக்கு ஒரு ஜோடி ஸ்கேட்டிங் ஷூ அனுப்பினார். அப்பாவை எங்கள் ஊரில் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். என் படிப்புக்காக அம்மாவும் நானும் லெப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூர் டவுனில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்திருந்தோம். பள்ளி மைதானத்தில் சனி, ஞாயிறு காலைகளில் ஸ்கேட்டிங் வகுப்பு நடந்தது. மற்றப் பிள்ளைகளின் ஷூக்கள் திருச்சியில் வாங்கியவை. என்னுடையது விமானத்தில் வந்தது. அந்தப் பெருமை நான் எழுந்து நிற்கும்வரை நீடித்தது.

எழுந்தால் விழுந்தேன். குதிகால் ஷூவுக்குள் தனியாக மேலே கிளம்பும், இடது கணுக்கால் உள்பக்கம் மடங்கும், அப்புறம் தரைதான். இப்படியெல்லாம் எடுத்துச் சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை.

"பயத்த விடு, முட்டிய மடக்கு" என்றார் மாஸ்டர். நான் பயத்தை விட்டு, முட்டியை மடக்கி, விழுந்தேன்.

கடைசியில் அவர் அம்மாவைக் கூப்பிட்டு, "பாப்பாவுக்கு பேலன்ஸ் வரலங்க. செஸ்ல சேத்து விடுங்களேன்" என்றார். வீட்டுக்கு வந்திருந்த பெரியம்மாவோ, "பொம்பளப் புள்ள, கைகால் ஒடஞ்சா யாரு பதில் சொல்றது? அதத் தூக்கிப் பரண்ல போடு" என்றாள். நானும் அழுதுகொண்டே சரியென்றேன். அம்மா மட்டும் அதைப் பரணில் போடாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

மறுவாரம் ஒருநாள் பள்ளி மதியத்தோடு விட்டுவிட்டது. வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளே ஏதோ உருளும் சத்தம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அம்மா சேலையைத் தூக்கிச் செருகி, என் ஷூவை மாட்டிக்கொண்டு, பீரோவைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தாள். மெல்ல ஒரு கையை எடுத்தாள். மறு கையையும் எடுத்தாள். விழுந்தாள்.

"அம்மா!" என்று கத்திவிட்டேன்.

தவழ்ந்து வந்துதான் கதவைத் திறந்தாள். "யார்கிட்டயும் சொல்லிராதடி" என்பதுதான் முதல் பேச்சு. பிறகு காலை நீட்டிக் காட்டினாள்.

"இங்க பாரு, இது எனக்கே அளவா இருக்கு. அப்ப ஒனக்கு எப்புடி நிக்கும்? ஒன் கால் உள்ள ஆடுது. எனக்கும் இடது கால் உள்ளதான் மடங்குது. ஒன்மேல தப்பில்லடி."

அந்தக் கடைசி இரண்டு சொற்களுக்காக இன்றுவரை நான் அவளுக்கு நன்றியோடு இருக்கிறேன். என்னால் முடியாது என்று எல்லோரும் முடிவுகட்டிய பிறகு, அது எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தன் காலையே உள்ளே விட்டவள் அவள் ஒருத்திதான்.

ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தோம். சக்கரங்களைத் தாங்கும் தகடு, இடது ஷூவில் சற்று வெளிப்பக்கம் தள்ளிப் பூட்டப்பட்டிருந்தது. பெட்டியோடு வந்த சாவியால் திருகாணிகளைத் தளர்த்தி, வலது ஷூவைப் பார்த்துப் பார்த்து அதை நகர்த்தி முடுக்கினாள். பழைய போர்வைத் துணியை மடித்துத் தைத்து, அடியிலும் குதிகாலுக்குப் பின்னாலும் செருகினாள்.

மாலையில் போனில், "நீங்க அனுப்புனது எனக்குத்தாங்க அளவு" என்றாள்.

"வளர்ற புள்ளன்னு ரெண்டு சைஸ் கூட வாங்குனேன்" என்றார் அத்தா, குரல் இறங்கி. அவர் என் காலைப் பார்த்து இரண்டு பெருநாள்கள் கடந்திருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா ஷூக் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டாள். எழுந்தேன். நின்றேன். மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வந்தேன்.

"பயம் போயிருச்சு, பாத்தீங்களா?" என்றார் மாஸ்டர்.

"ஆமாங்க சார்" என்றாள் அம்மா.

அரியலூரில் நடந்த போட்டியில் கடைசிக்கு முந்தைய இடம் பிடித்தேன். ஆனால் விழவில்லை.

அதன்பிறகு நான் பள்ளி விட்டு வந்ததும், "குடு, தகடு நகந்துருச்சான்னு பாக்கறேன்" என்று ஷூவைக் கேட்பது அம்மாவின் வழக்கமாயிற்று. துணியை உருவி எடுத்துவிட்டு, கதவைத் தாழிட்டு, மாட்டிக்கொள்வாள். முதலில் பீரோவைப் பிடித்தபடி; போகப்போகப் பிடிக்காமலே. கூடத்திலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து கூடத்துக்கு. நான் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையிழந்து காத்திருப்பேன்.

"போதும்மா, சரியாத்தான் இருக்கு."

"இரு, இன்னும் ஒருவாட்டி பாத்துர்றேன்."

எனக்காக எவ்வளவு பொறுப்பாகச் சோதித்துப் பார்க்கிறாள் என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன்.