0402 போடு

நான் என் வாழ்க்கையில் முழுதாக எழுதி முடித்தது ஒரே ஒரு ப்ரோக்ராம். அதையும் ஷெல்லில் எழுதினேன். இதைக் கேட்டுக் கம்ப்யூட்டர் படித்தவர்கள் இரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள். ஒருவர் சிரிக்காமல் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். சிரித்தவர்களே தேவலை.

தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயிலைப் பிடித்து, காட்டாங்குளத்தூரையும் தாண்டிப் போய் இறங்க வேண்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் பதினான்கு வருடம் லேப் அசிஸ்டென்ட்டாக இருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் மைக்ரோப்ராசஸர் லேப், இரண்டு நாள் லினக்ஸ் லேப். மைக்ரோப்ராசஸர் லேபில் மேசைக்கு ஒரு கிட் இருக்கும். சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு பச்சைப் பலகை, அதில் கொஞ்சம் பொத்தான்கள், சிவப்பில் எரியும் ஆறு இலக்கங்கள். அதற்குச் சொல் புரியாது, எண்தான் புரியும், A முதல் F வரை எழுத்தும் கலந்த எண். மாணவர்கள் காகிதத்தில் எழுதிவந்த ஒவ்வொரு கட்டளைக்கும் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்து எண் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். மூன்று மணி நேர லேபில் இரண்டரை மணி நேரம் இதற்கே போகும். இந்த மாற்றும் வேலையைத் தானாகச் செய்கிற ப்ரோக்ராமுக்குத்தான் அசெம்ப்ளர் என்று பெயர்.

லினக்ஸ் லேபில் ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டரிடம் வரி வரியாகக் கட்டளை தட்டி வேலை வாங்குவது. பத்துப் பயிற்சிகள், வருடா வருடம் அதே பத்து. ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டால் அதே சொல்லாக வருகிறதா என்று பார்ப்பது, மூன்று எண்களில் பெரியதைக் கண்டுபிடிப்பது, இப்படி. பதினான்கு வருடம் பிள்ளைகளின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்ததில் எனக்கு ஷெல் வந்துவிட்டது. வேறு எதுவும் வரவில்லை.

டிசம்பரில் ஒருநாள் ஹெச்.ஓ.டி. எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். இரண்டு பேர் என்றால் நானும், எதிர் லேபில் இருந்தவளும். என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னை அக்கா என்பாள்.

“அடுத்த வருஷத்துலேருந்து டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு லேப் ஸ்டாஃப்தான். மேனேஜ்மென்ட் சொல்லிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க. யாராவது ஏதாவது புதுசா செஞ்சிருந்தா எடுத்துச் சொல்லலாம். அவங்களாவது டிபார்ட்மென்ட் வெப்சைட்டைப் பார்த்துக்கறாங்க. உங்களைப் பத்தி நான் என்னன்னு எழுதறது?” என்றார் என்னைப் பார்த்து.

அன்று மதியமும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். அவள் டப்பாவிலிருந்து எனக்குக் கத்திரிக்காய்ப் பொரியல் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டில் மாதம் தவறாமல் வந்தது என் சம்பளம் ஒன்றுதான். அதை ஒரு காரணமாகச் சொல்லலாம். இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என்னை மேம் என்று கூப்பிடுகிற ஒரே இடம் அந்த லேப். வீடு இருக்கிற கீழ்க்கட்டளையில் பஸ் ஏறும்வரை நான் யாரோ. லேப் கதவைத் திறந்தால் அறுபது பேர் எழுந்து நிற்பார்கள். அதை விட எனக்கு மனமில்லை. எழுதுகிறேன் சார், ஒரு அசெம்ப்ளர் எழுதுகிறேன் என்று மறுநாளே போய்ச் சொல்லிவிட்டேன்.

ஏன் ஷெல்லில் என்றால், லேப் கம்ப்யூட்டர்களில் எதையும் புதிதாக ஏற்ற முடியாது. பாஸ்வேர்டு வேறொரு கட்டடத்தில் ஒருவரிடம் இருந்தது. அவர் பாதி நாள் லீவு, மீதி நாள் மீட்டிங். இருப்பதை வைத்துச் செய்ய வேண்டும், எனக்குத் தெரிந்ததை வைத்துச் செய்ய வேண்டும். இரண்டுக்கும் ஷெல் ஒன்றுதான் பொருந்தியது.

ஆனால் ஷெல்லுக்கு இந்த வேலையே பிடிக்காது. ஃபைலை நகர்த்து, பெயரை மாற்று என்றால் ஓடி ஓடிச் செய்யும். எண் என்றால் முறைக்கும். எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் இருந்தால் எட்டு எட்டாக எண்ணத் தொடங்கிவிடும். 010 என்று கொடுத்தால் எட்டு என்று எடுத்துக்கொண்டு வாயே திறக்காது. 08 என்று கொடுத்தால், அப்படி ஓர் எண்ணே கிடையாது என்று சண்டைக்கு வரும். எங்கள் லேபிலோ பூஜ்யத்தில் ஆரம்பிக்காத எண்ணைத் தேடத்தான் வேண்டும். ஜனவரி முழுக்க இந்த ஒரு பூஜ்யத்தோடு மல்லுக்கட்டினேன். ப்ரோக்ராம் ஒருமுறை சரியாக ஓடும், அடுத்த முறை கட்டளைகள் உட்கார வேண்டிய இடமெல்லாம் தள்ளிப் போய் நிற்கும். என் புத்திக்கு இது அதிகம் என்று தோன்றாத நாளே இல்லை.

போகும்போதும் வரும்போதும் ரயிலில் எழுதினேன். மாணவர்கள் வாங்காமல் விட்டுப்போன பழைய ரெக்கார்டு நோட்டின் வெற்றுப் பக்கங்களில் கட்டம் போட்டு, இருநூற்று நாற்பத்தாறு கட்டளைகளையும் அவற்றின் எண்களையும் நிரப்பினேன். லேடீஸ் பெட்டியில் கொய்யா விற்கிற அம்மா ஒருத்தி தினமும் எட்டிப் பார்ப்பாள்.

“இன்னாக்கா, டெய்லி கட்டம் கட்டமா போட்டுகினே கீற. ஜாதகமா?”

“ஆமா. எனக்குத்தான் பார்க்கறேன்.”

“இன்னா சொல்து?”

“நேரம் சரியில்லையாம்.”

“யாருக்குத்தான் சரியா கீது” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டாள். பரிகாரம் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன்.

பிப்ரவரி கடைசியில் அது ஓடியது. ஓடியது என்றால் நிஜமாகவே ஓடியது. ஒரு முறை படித்து இன்னின்ன இடம் எங்கெங்கே வருகிறது என்று குறித்துக்கொள்ளும், இரண்டாம் முறை படித்து எண்களை நிரப்பும். பிள்ளைகள் இரண்டரை மணி நேரம் செய்வதை மூச்சு வாங்கிக்கொண்டு ஐந்து வினாடியில் செய்தது. திரையில் வரிசையாக எண்கள் வந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. நல்லவேளை, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அட்டவணையில் எங்காவது கை தவறியிருக்குமோ என்று சந்தேகம் வந்தது. எல்லா எண்களையும் வரிசைப்படுத்தி, இரண்டு முறை வருவதை மட்டும் காட்டு என்று ஒரு வரி எழுதினேன். ஷெல் இதை மட்டும் ஆசையாகச் செய்யும். இரண்டு கட்டளைக்கு ஒரே எண் இருக்கவே கூடாது, அதனால் எதுவும் வராது என்று எதிர்பார்த்தேன். ஒரே ஒரு எண் வந்தது. 0F.

RRC, RAR என்று இரண்டு கட்டளைகள் உண்டு. இரண்டும் எண்ணை வலப்பக்கம் ஒரு இடம் நகர்த்துபவை. முன்னது விளிம்பில் விழுந்ததை எடுத்து அந்த எண்ணிலேயே மறுபக்கம் வைத்துக்கொள்ளும். பின்னது விழுந்ததை ஒதுக்கி வைத்து, அடுத்த எண்ணுக்குக் கொடுக்கும். என் நோட்டில் இரண்டுக்கும் 0F. நோட்டுக்குச் சுவரிலிருந்து எடுத்தேன். சுவரிலும் 0F. சுவரில் இருப்பது லேப் மேனுவலின் கடைசிப் பக்கம். மேனுவலிலும் 0F. பீரோவைக் குடைந்து கிட்டோடு வந்த பழைய கையேட்டை எடுத்துப் பார்த்தேன். RAR என்றால் 1F.

மேனுவலின் அட்டையில் ஹெச்.ஓ.டி.யின் பெயர் இருக்கிறது. ஆனால் அதை டைப் செய்தது நான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் எனக்குக் கொடுத்த முதல் வேலை அது.

அப்போதுதான் மைக்ரோப்ராசஸர் லேபின் பத்தாவது பயிற்சி எனக்குப் புரிந்தது. ஒரு பெரிய எண்ணை இரண்டு துண்டாக வைத்துக்கொண்டு பாதியாக்குகிற பயிற்சி. அதற்கு எங்கள் லேபில் எல்லோரும் 0402 என்றுதான் போடுவார்கள், 0201 வரும். இரண்டு துண்டும் இரட்டைப்படை, விளிம்பில் எதுவும் விழாது, அதனால் 0F போட்டாலும் 1F போட்டாலும் ஒரே விடை. சீனியர் ரெக்கார்டில் அதே 0402, அவர்களுடைய சீனியர் ரெக்கார்டிலும் அதே 0402. வேறு எண் போட்டால் கிட் கண்டதைக் காட்டும், அது பழைய கிட், அப்படித்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். போனில் தேடிச் சரியான எண்ணைக் கண்டுபிடித்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் மேனுவலில் உள்ளபடி எழுதினால்தான் ரெக்கார்டில் கையெழுத்து. எழுதியிருப்பார்கள்.

ஏழெட்டு வருடம் முன்பு ஒரு பெண் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. 0304 போட்டாள். 0182 வர வேண்டும், 8102 வந்தது. அட்டவணையை வரி வரியாகப் பார்த்து மறுபடி தட்டினாள், மறுபடி 8102. நாலு தடவை. காலேஜ் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“0402 போடும்மா. வரும்” என்றேன்.

“ஏன் மேம்?”

“கேள்வி கேட்டுக்கிட்டு நின்னா பஸ் போயிடும்.”

அவள் அழுதுகொண்டே 0402 போட்டாள். வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். அவளுக்குக் கவனம் போதாது என்று ஸ்டாஃப் அறையில் வேறு சொன்னேன். அவள் தட்டியதில் ஒரு பிழையும் இல்லை. பிழை என் கையிலிருந்து போனது.

ஹெச்.ஓ.டி.யிடம் மறைக்காமல் சொன்னேன். சொன்னால் என் ப்ரோக்ராமின் மதிப்பு கூடும் என்றுகூட நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

அவர் மேனுவலைப் புரட்டிப் பார்த்தார். “யார் டைப் பண்ணது?”

“நான்தான் சார்.”

“அட்டையில யார் பேரு?”

அட்டையைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

“அடுத்த மாசம் இன்ஸ்பெக்ஷன் கமிட்டி வருது. ஃபைல் எல்லாம் போயாச்சு. இப்ப போய் மேனுவல் தப்புன்னா, இத்தனை வருஷ ரெக்கார்டும் தப்பு, போட்ட மார்க்கும் தப்பு. தேவையா இது? உங்க ப்ரோக்ராம் நல்லா இருக்கு, நான் இல்லேன்னு சொல்லல. மேனுவலோட மேட்ச் ஆகணும், அவ்ளோதான். அப்பதான் நான் உங்களுக்காகப் பேச முடியும்.”

லேபுக்கு வந்து உட்கார்ந்தேன். ஒரே ஒரு எழுத்து. 1F என்று நான் திருத்தி வைத்திருந்ததை மறுபடி 0F ஆக்கினேன். இரண்டு முறை வருவதைக் காட்டு என்கிற அந்த வரியையும் அழித்தேன், கமிட்டி முன்னால் அது எதையாவது காட்டித் தொலைக்கப் போகிறது என்று. முதல் முறை தெரியாமல் செய்தேன். இந்த முறை எல்லாம் தெரிந்து, வேலைக்காகச் செய்தேன். இதற்கு வேறு பெயர் வைத்துப் பார்த்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

கமிட்டியில் மூன்று பேர் வந்தார்கள். ப்ரோக்ராம் கொடுத்த எண்களைக் கிட்டில் தட்டி, நான் 0402 போட்டுக் காட்டினேன். 0201 வந்தது. அதில் ஒருவர் கண்ணாடியை இறக்கித் திரையைப் பார்த்து, “ஏம்மா இதைப் போய் ஷெல்லில?” என்றார்.

“அதுதான் சார் தெரியும்.”

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். கேட்டவர் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். வேறு எண் போடச் சொல்லப் போகிறார் என்று கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். முந்திரி பக்கோடாவும் காபியும் வந்தன, நகர்ந்துவிட்டார்கள்.

ஏப்ரலில் எனக்குத்தான் கடிதம் வந்தது. ஹெச்.ஓ.டி. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “நான் பேசினேன். ‘அந்த லேபைத்தான் ப்ரோக்ராமே பார்த்துக்குதே, இதுக்குன்னு தனியா ஒரு ஆளு எதுக்கு’ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல.” அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

சாவிக்கொத்தை எதிர் லேபில் இருந்தவளிடம் கொடுத்தேன். அவள் அழுதாள். எனக்கு வரவில்லை.

இப்போது கீழ்க்கட்டளையிலேயே ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் செய்கிறேன். வருகிறவர்கள் எல்லோருக்கும் நான் அக்கா. ஷெல்லை அதன்பிறகு தொடவில்லை. கொய்யா விற்கிற அம்மா என்னைத் தேடியிருப்பாளோ என்று சில காலையில் நினைத்துக்கொள்வேன். தேடியிருக்க மாட்டாள்.

போன மாதம் ஒரு பிற்பகல், கடையில் கூட்டமில்லாத நேரத்தில் போன் வந்தது. என் இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறவள்தான்.

“அக்கா, பிஸியா? உங்க லேப்லேருந்துதான் பேசறேன். இங்க ஒரு பொண்ணு, பத்தாவது எக்ஸ்பரிமென்ட்டுக்கு 0402 போட மாட்டேங்கறா. வேற என்னவோ போடறா, தப்பா வருது. நானும் மூணு தடவை பார்த்துட்டேன். உங்க ப்ரோக்ராம் கொடுத்த கோட் நம்பரைத்தான் அப்படியே போட்டிருக்கா, ஒரு தப்பும் தெரியல. என்னக்கா சொல்லட்டும் நான்?”

எந்த ஃபைல், எந்த வரி என்று எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஒரு பூஜ்யத்தை ஒன்றாக்கினால் போதும். சொன்னால் அவள் மாற்றுவாள். மாற்றிவிட்டு, என்னைப் போலவே மேனுவலை எடுத்துக்கொண்டு ஹெச்.ஓ.டி. அறைக்குப் போவாள், அப்படிப்பட்டவள்தான். அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. அந்த வரியை மாற்றி வைத்தது யார் என்று அவள் கேட்பாள் என்பது மீதிப் பாதி.

“பழைய கிட், அப்படித்தான் பண்ணும். 0402 போடச் சொல்லு” என்றேன்.

“சரிக்கா” என்றாள். போனை வைக்காமலே அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

“ஏன் மேம்?” என்று ஒரு பெண் கேட்டது எனக்கும் கேட்டது. அதற்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்று தெரியாது. அதற்குள் நான் போனை வைத்துவிட்டேன்.