மாட்டுங்காவில் கேமரா விற்றேன்

புடவைக் கடையில் நிற்பவள் புடவையை விரித்துக் காட்டிவிடலாம். கேமராக் கடையில் நிற்பவள் இன்னும் எடுக்காத படத்தை விரித்துக் காட்ட வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்த யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. "சும்மா பார்க்கத்தான் வந்தேன்" என்பவர் அலமாரி முழுவதையும் இறக்கச் சொல்வார். "உடனே வேணும், எடுத்து வையுங்க" என்பவர் மழைக்காலம் முடிந்துதான் திரும்பி வருவார்.

1960களில் பெரும்பகுதியை நான் பம்பாயில், மாட்டுங்கா மார்க்கெட் அருகே ஒரு சின்னக் கேமராக் கடையில் கழித்தேன். முதலாளி குஜராத்திக்காரர், எங்களுக்கெல்லாம் சேட். தமிழர்கள் நிறைய வருகிற கடை என்பதால் தமிழ் பேச ஓர் ஆள் வேண்டும் என்று, ஆண்டாப் ஹில்லிலிருந்து வந்த என்னை வைத்துக்கொண்டார். வெளிநாட்டுச் சாமான் லேசில் கிடைக்காத காலம். உள்நாட்டுப் பெட்டிக் கேமராக்களும், கப்பலில் போய்வருகிறவர்கள் கொண்டுவந்து விற்ற கையடக்கக் கேமராக்கள் சிலவும்தான் எங்கள் சரக்கு. அதற்குள்ளேயே ஒவ்வொரு வீட்டுக்கும் ஏற்றதைப் பொறுக்கிக் கொடுத்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று அடக்கத்துக்குச் சொல்கிறேன்.

ஆம்பளை யாரும் இல்லையா?

சேர்ந்த புதிதில் தாராவியிலிருந்து ஒருவர் வந்தார். தோல் பதனிடும் இடத்தில் வேலை. மகளுக்கு ஞானஸ்நானம், அதற்குள் கேமரா வாங்கியாக வேண்டும். என்னைப் பார்த்தவர் என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "தங்கச்சி, கடையில ஆம்பளை யாரும் இல்லையா?" என்றார். விற்றுக் காட்டினால்தான் வேலை நிலைக்கும் என்று சேட் சொல்லியிருந்த மாதம் அது.

ஒரு பெட்டிக் கேமராவை அவர் கையில் கொடுத்து, "அண்ணே, நான்தான் உங்க மக. எடுங்க" என்றேன். அவர் என்னை வாசலில் நிறுத்தினார். "வெளிச்சம் எம் முதுகுல விழுது. பிள்ளை மூஞ்சி கரிக்கட்டையா வரும். நீங்க வாசப்பக்கம் போங்க, நான் உள்ள நிக்கேன்" என்று இடத்தை மாற்றினேன். பார்த்தார், முகம் பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டும், கேமராவைக் கீழே வைக்கவே இல்லை. ஆனாலும் மனசு ஆறாமல் சேட்டிடம் போய், "இந்தப் பொண்ணு சொல்லுதது சரிதானா?" என்று கேட்டார். மாட்டுங்காவிலேயே பாதி ஆயுளைக் கழித்த சேட் தன்னுடைய இந்தி கலந்த தமிழில் சொன்னார்: "அரே பாய், பட்டன் அமுக்கறது ஆம்பளையா பொம்பளையான்னு கேமராவுக்கு என்ன மாலூம்?"

பகலில் வீட்டில் இருப்பது யார்?

ஃபோர்ட் பகுதியில் ஆபீஸ் வேலை பார்க்கிற ஒருவர், பாலக்காட்டுக்காரர், மனைவியோடு வந்தார். கைக்குழந்தை மனைவியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அவருக்குத் தூரம் அளந்து திருப்புகிற வளையம் வேண்டும், வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்றுகிற எண்கள் வேண்டும், தோல் உறை வேண்டும். நான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஆனால் வெயில், மேகம் என்று இரண்டே குறி போட்ட சின்னக் கேமரா ஒன்றின் மேலேயே அந்த அம்மாளின் கண் இருந்தது.

அதை எடுத்து அவரிடமே நீட்டினேன். குழந்தையைக் கணவரிடம் மாற்றிவிட்டு வாங்கிக்கொண்டார். குழந்தை விழித்து, அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. 'டிக்' என்று சத்தம் கேட்டது. ஃபிலிம் இல்லாத கேமராதான், ஆனாலும் சரியான நேரத்தில் அமுக்கியிருந்தார். "அவளுக்கு என்ன தெரியும்? ஞாயித்துக்கிழமை நானே எடுத்துப்பேன்" என்றார் கணவர், கண்ணாடியைத் தேடிக்கொண்டே. அந்த அம்மாள் முதல்முறையாக வாயைத் திறந்தார்: "பகல்ல ஆத்துல இருக்கறது நான்தானே? குழந்தை சிரிக்கறதுக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்துண்டிருக்குமா?"

தலையில்லாத மாப்பிள்ளை

செம்பூரிலிருந்து புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், நான் விற்ற கேமராவைக் கொண்டுவந்து கண்ணீரோடு கவுண்டரில் வைத்தாள். பெயர் செல்லத்தாய். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஊருக்கு அனுப்பிய எல்லாப் படத்திலும் கணவருக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு வர முடியாத சொந்தக்காரர்கள், முகத்தை மறைக்கிற அளவுக்கு மாப்பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்டு எழுதியிருந்தார்களாம். "கேமரா பழுதுக்கா, மாத்திக் குடுங்க" என்றாள்.

கேமராவில் பழுதில்லை. அவர்கள் இருந்தது ஒரே அறை. அவரோ நல்ல உயரம். இவள் கட்டிலோடு ஒட்டி நின்று எடுத்திருக்கிறாள். அவ்வளவு பக்கத்தில், நாம் பார்க்கிற துவாரம் ஒன்றைக் காட்டும், கீழே இருக்கிற லென்ஸ் வேறொன்றைப் பிடிக்கும். "அவரை வராந்தாவில நிறுத்து. நீ நல்லாப் பின்னால போ. தலைக்கு மேல கொஞ்சம் ஆகாசம் தெரியணும்" என்று சொல்லி, கடை வாசலிலேயே போவோர் வருவோரை வைத்துப் பழக்கினேன். அடுத்த ரோலைக் கழுவிக் கொடுத்தபோது கடையிலேயே துள்ளினாள். ஊரிலிருந்து பதில் வந்ததும் அதைச் சொல்வதற்கென்றே பஸ் ஏறி வந்தாள்: "அக்கா, எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தலை இருக்குன்னு எங்க ஊர்ல இப்பந்தான் நம்புதாவ!"

முடியாத ரோல்

வடாலாவில் இருந்த கப்பல் ஊழியர் ஒருவர், ஒரு ரோலில் எழுபத்திரண்டு படம் எடுக்கிற சின்னக் கேமராவைத்தான் வாங்குவேன் என்று நின்றார். பன்னிரண்டு படம் போதும், சீக்கிரம் முடியும், சீக்கிரம் பார்க்கலாம் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. வாங்கிப் போய் மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் அந்தக் குடும்பத்தைக் கடைப்பக்கம் காணோம். ஒருவழியாக அந்த அம்மாள் ரோலோடு வந்தார். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. "இவ்வளவு நாளா?" என்று கேட்டுவிட்டேன். இடுப்பில் இருந்தவனைக் காட்டினார்: "என்னத்தச் சொல்ல? முதப் படம் எடுக்கும்போது இவன் வயித்துல இருந்தான், இப்ப இவனே கேமராவை எடுத்து ஒளிச்சு வைக்கான்!"

தலைகீழாக

இதைச் சொல்லாமல் நான் செத்தால் என் ஆவி அந்தக் கடை வாசலிலேயே நிற்கும். மில்லில் வேலை பார்த்த முத்தையா அண்ணனுக்கு வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது; இயந்திரத்தில் மாட்டியது. கடைக்கு வந்தபோது துண்டைக் கையின் மேல் போட்டு மறைத்திருந்தார். "என் பிள்ளைகளை நானே படம் எடுக்கணும். ரெண்டு கடையில, உங்களுக்கு எதுக்கு கேமரான்னு கேட்டுட்டாவ" என்றார். அந்தக் கேள்வியை நானும் கேட்டுவிடுவேனோ என்று என் முகத்தையே பார்த்தார்.

எல்லாக் கேமராவுக்கும் பித்தான் வலது பக்கம்தான். ஒவ்வொன்றாக இடது கையில் கொடுத்துப் பார்த்தேன். பெட்டிக் கேமரா சரிந்தது. மடக்குக் கேமராவை ஒற்றைக் கையால் பிடிக்க முடியவில்லை. அவர் "விடுங்க தங்கச்சி" என்று எழுந்துவிட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது, அவர்மேல் அல்ல, அந்தப் பித்தான்மேல். மிஞ்சியிருந்த கையடக்கக் கேமராவை எடுத்தேன். ஏதோ தோன்றியது. அதைத் தலைகீழாகத் திருப்பி அவர் இடது கையில் வைத்தேன். பித்தான் அவருடைய கட்டைவிரலுக்கு நேராக வந்து உட்கார்ந்தது. "படமும் தலைகீழா வராதா?" என்றார். "வந்தா வரட்டும். காகிதத்தைத் திருப்பிப் பிடிச்சாப் போச்சு" என்றேன். ஃபிலிம் மாட்டுவதை அவர் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

முதல் ரோல் பிரிண்ட் வந்த அன்று முத்தையா அண்ணன் கடைக்கு வந்தார். உறையைப் பிரித்தார். மனைவி, மூன்று பிள்ளைகள், பக்கத்து வீட்டுக் கோலி மீனவர் உட்பட எல்லோரும் படத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டுடியோவில் எடுத்த படத்தில் அப்படி யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. சேட் கல்லாவைவிட்டு எழுந்து வந்து பார்த்தார். துண்டு தோளில் கிடந்தது; அண்ணன் மறைக்க மறந்துபோயிருந்தார். "எப்படிண்ணே எல்லாரையும் இப்படிச் சிரிக்க வச்சீங்க?" என்று கேட்டேன். "நான் என்னத்தச் செஞ்சேன், தங்கச்சி? அப்பன் கேமராவைத் தலைகீழாப் பிடிச்சா பிள்ளைக சிரிக்காம அழவா செய்யும்?"

அப்பா சொன்ன ஆபீஸ்

மகள் கடையில் நிற்கிறாள் என்று சொல்ல என் அப்பாவுக்குக் கூச்சம். வேதக்கோயிலில் யார் கேட்டாலும் "மாட்டுங்காவுல ஆபீஸ் வேலை" என்பார். நானும் திருத்தியதில்லை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், மகன் கல்யாணத்துக்குக் கேமரா வாங்க வேண்டும், எது நல்லது என்று தெரியவில்லை என்று ஒரு பெரியவர் நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். ஒருவர் ஜெர்மன் என்றார், ஒருவர் ஜப்பான் என்றார். பக்கத்தில் நின்ற அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தினார். "ஏன் ஊர் ஊராச் சொல்லுதிய? எம் மவ கேமராக் கடையிலதான் நிக்கா. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் எல்லாத்துக்கும் அவதான் எடுத்துக் கொடுக்கா!"

எது நல்ல கேமரா என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறார்கள். பீரோவைவிட்டு வெளியே வருகிற கேமரா எதுவோ அதுவே நல்ல கேமரா என்று நான் சொன்னால், அதையும் ஏதாவது கடையில் பன்னிரண்டு கேமராவை இறக்கிப் பார்த்த பிறகுதான் நம்புகிறார்கள்.