தர்மராசாவின் தொட்டிப் பொருத்தம்

தொண்ணூறுகளில் பதுளையில் மீன் தொட்டி வைத்திருந்த எவருக்கும் தர்மராசாவைத் தெரியாமல் இருக்காது. நில அளவைக் கந்தோரில் படம் வரைபவர். ஊர் யாழ்ப்பாணம், வயது நாற்பத்தொன்று, கலியாணம் இல்லை. பசறை வீதியில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் பாதியை நாலடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் ஏஞ்சல் மீன் நாலு, கௌராமி இரண்டு. ஐந்து வருடமாக அங்கே ஒரு சண்டை சச்சரவு கிடையாது.

மீனுக்கும் பத்துப் பொருத்தம் பார்க்க வேண்டும் என்பது மனுசனின் கட்சி. சாதகக் கட்டம் மாதிரியே கொப்பியில் கட்டம் கீறி வைத்திருந்தார். முதலாவது வாய்ப் பொருத்தம்: ஒன்றின் வாய்க்குள் மற்றது போகிற அளவில் இருக்கக் கூடாது. பிறகு சூட்டுப் பொருத்தம்: தங்கமீனுக்குக் குளிர் தண்ணீர் சுகம், ஏஞ்சலுக்கோ பதுளையின் காலைக் குளிரே ஆகாது. செட்டைப் பொருத்தம்: ஏஞ்சல் மாதிரித் துடுப்பு நீண்ட செட்டைக்காரர் இருக்கும் தொட்டியில் கடிக்கிற சாதியை விடாதே. இப்படியே பத்தும் வரும். ஒரு நாள் வளர்ப்பு மீன் கடையில் கப்பி மீன் வாங்க வந்த ஒருவரை அரை மணி நேரம் மறித்து வைத்துப் பொருத்தம் பார்த்து, கடைசியில் வெறும் பையோடு அனுப்பிவிட்டார். மீன்கடை ஹாஷிம் கும்பிடாத குறை.

"சேர், நீங்க கடைக்குள்ள நிண்டா ஒருத்தரும் மீன் வாங்குறாங்க இல்ல. கொஞ்சம் ரோட்டுல நிண்டு பேசுங்களேன்!"

இவ்வளவு பொருத்தம் தெரிந்த மனுசனோடு ஒரே வீட்டில் மூன்று மாதம் தாக்குப்பிடித்தவர் எவருமில்லை, அதைப் போய் எங்கே சொல்வது! அறை பங்குபோட வந்த ஒருவர், தர்மராசாவின் பேனைப் பெட்டியைத் தொட்டதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். அடுத்து வந்த கஜரூபனுக்கு வங்கியில் வேலை, தங்கமான பிள்ளை. சவரம் செய்யும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடுவான், அவ்வளவுதான் குற்றம். "இது வீடோ, நாடகக் கொட்டகையோ?" என்று தர்மராசா கதவில் இடித்த இடியில், முகத்து நுரையைக்கூடத் துடைக்காமல் பெட்டியைக் கட்டினான். நிலைத்து நின்றது சமைக்க வரும் நல்லம்மா ஒருத்திதான். தேயிலைத் தோட்டத்து மனுசி, கெட்டிக்காரி. அவர் கத்தத் தொடங்கினால் அவள் தேங்காய் துருவத் தொடங்குவாள்.

அப்படியிருக்க, கொழும்பில் இருந்த தங்கை மயூரி ஒரு சம்பந்தம் பேசி அனுப்பினாள். பெண் சரோஜாதேவி, பண்டாரவளையில் கணக்கு ரீச்சர், முப்பத்தாறு வயது. பத்துக்கு எட்டுப் பொருத்தம். அவளுடைய படத்தைத் தர்மராசா எத்தனை தரம் எடுத்துப் பார்த்தார் என்பது நல்லம்மாவுக்குத்தான் தெரியும். தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு மனுசனுக்கு அலுத்துவிட்டது, உண்மை அதுதான். இந்தச் சம்பந்தமும் தவறினால் இனி ஒருத்தரும் பேசி வரப்போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

"நான் இருக்கப்போற வீட்டை நான் பாக்க வேண்டாமோ?" என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெண்ணே தம்பி சுபாஸைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். கையில் தண்ணீர் நிறைந்த பொலித்தீன் பை. மாப்பிள்ளைக்கு மீன் என்றால் உயிர் என்று மயூரி சொல்லியிருந்தாளாம்.

"உங்களுக்குத்தான். வடிவா இருக்கெல்லோ?"

பைக்குள் மஞ்சள் உடம்பும் கறுப்புக் கோடுமாக டைகர் பாப் ஒன்று, ஒற்றையாய். தர்மராசா பையையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். ஏஞ்சல் செட்டையைக் கண்டால் விடாத சாதி அது! வேண்டாம் என்றால் பெண் போய்விடும், விட்டால் ஏஞ்சலின் கதி என்ன? அவளோ முகமெல்லாம் சிரிப்பாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சிரிப்பு வென்றது. கண்ணை மூடிக்கொண்டு மீனைத் தொட்டிக்குள் விட்டார்.

தேத்தண்ணீர் பாதி குடித்து முடியவில்லை. பெரிய ஏஞ்சலின் வால் நுனியைக் காணவில்லை.

"ஐயோ! இந்தச் சனியனை ஆர் கொண்டுவரச் சொன்னது?"

வாய்விட்ட பிறகுதான் யாரிடம் விட்டோம் என்று தர்மராசாவுக்கு உறைத்தது. குசினியில் நல்லம்மா தேங்காயை எடுத்துவிட்டாள். சுபாஸ் எழும்பினான். "அக்கா, வா போவம். மீனுக்கே இந்தக் கத்து!"

சரோஜாதேவியின் சிரிப்பு போய்விட்டது. ஆனாலும் எழும்பவில்லை. "பொறடா," என்றாள். வகுப்பில் கேட்பது போல அவரைக் கேட்டாள்: "உது எத்தினை இருந்தால் ஒழுங்கா இருக்கும்?"

"ஆறு."

"ஏன் ஆறு?"

"தங்களுக்குள்ள ஓடிப்பிடிச்சுத் திரியுங்கள். தனிய இருந்தால் பக்கத்தில இருக்கிறதுகளைக் கடிச்சுக்கொண்டே..."

அவ்வளவில் நின்றுவிட்டார். காதுவரை சிவந்து போனது.

"ஐயா தன் கதையவே சொல்றாருங்க!" என்றாள் நல்லம்மா, குசினி வாசலில் நின்று, தேங்காயும் கையுமாக. முதலில் சிரித்தது சுபாஸ்தான்.

அன்றே தர்மராசா ஹாஷிமிடம் ஓடி இன்னும் ஐந்து டைகர் பாப்பும் ஆறுக்குமாகத் தனித் தொட்டியும் வாங்கினார். "பொருத்தம் பாத்தீங்களா சேர்?" என்று ஹாஷிம் குத்த, தொட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார். ஏஞ்சலின் வால் வளர்ந்துவிட்டது. ஆவணியில் பதுளைக் கோயிலிலேயே சரோஜாதேவிக்குத் தாலி கட்டினார்.

வந்த பிறகுதான் தெரிந்தது, பரீட்சைத் தாள் திருத்தும்போது சரோஜாதேவி பாடுவாள். அதுவும் சுருதி சேராமல்! முதல் நாள் தர்மராசா வாயைத் திறந்தார், ஆறு டைகர் பாப்பையும் பார்த்தார், மூடிக்கொண்டார். மறுநாளும் அப்படியே. பிறகு வாயைத் திறக்கவே மறந்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை பாட்டு நடுவில் நின்றது. தொட்டி கழுவிக்கொண்டிருந்த தர்மராசா ஈரக் கையோடு ஓடி வந்தார்.

"என்ன, ஏன் நிப்பாட்டினீர்?"

"சிவப்புப் பேனை முடிஞ்சு போச்சு."

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். யாரும் தொடக் கூடாத அந்தப் பேனைப் பெட்டியைத் தூக்கி வந்து, திறந்து, அவள் முன்னால் வைத்தார்.

"இந்தாரும், எடும். பாடும்."