பஞ்சர் கடைக் காற்றும் என் தப்புக் கணக்கும்: ஏற்காட்டில் இரண்டு நாள்

ஏற்காட்டுக்கு யாரும் பஞ்சர் கடையைப் பார்க்கப் போவதில்லை. நான் போனேன். போன மாதம், மழை விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. காரணத்தைச் சொன்னால் எனக்கு நல்ல பேர் வராது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வேகமாகப் பாயும் காற்றை அளப்பதுதான் பிழைப்பு. மெதுவாகப் போகிற காற்றைத் தண்ணீர் மாதிரி நினைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். ஒலியின் வேகத்தை நெருங்கிவிட்டால் அந்தப் பாச்சா பலிக்காது. காற்று அமுங்கும், அடர்த்தி மாறும், ஒலி வேகத்தைத் தாண்டினால் உள்ளே அதிர்வலைகள் எழும்.

அதே ஆய்வகத்தில் ஒன்பது வருடம் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர் குமரேசன். இரண்டு வருடம் முன்பு ஏற்காட்டுக்குப் போய், மலை உயரத்தில் ஒரு சின்னக் குழல்முனை வழியாகக் காற்றைப் பாய்ச்சி அளவெடுத்து வந்தார். அழுத்தமானியில் 83 கிலோபாஸ்கல் காட்டும்போது அதிர்வலை தெரிந்ததாக நோட்டில் எழுதியிருந்தார். நான் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், காற்று ஒலி வேகத்தையே தொடவில்லை என்று வந்தது. தொடாத காற்றில் அதிர்வலை எங்கிருந்து வரும்? "அவர் அளக்கவே இல்ல, உக்காந்து எழுதியிருக்கார்" என்று துறைத் தலைவரிடம் நானே போய்ச் சொன்னேன். ஒரே மாதத்தில் குமரேசன் வேலையை விட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த மேசையில் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். போன மாதம் அலமாரியை ஒழித்தபோது அவருடைய நோட்டு கிடைத்தது. கடைசிப் பக்கத்தில், "ஒண்டிக்கடை பக்கம் பஞ்சர் கடை, கம்ப்ரசர் நன்று, நசீர் பாய் டீ காசு வாங்கவில்லை" என்று இருந்தது. பொய் எழுதுகிறவன் டீயைப் பற்றி எழுதுவானா? அன்றைக்குத் தூக்கம் போச்சு.

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். காலை 6.40 பஸ்ஸில் ஏறி 8.10க்கு இறங்கினேன். மடியில் ஒரு பெட்டி: குழல்முனை, அழுத்தமானி, குழிக் கண்ணாடி, டார்ச், ஒரு பிளேடு. எட்டாவது வளைவில் காது அடைத்தது. எச்சில் விழுங்கிச் சரிசெய்துகொண்டேனே தவிர, அது ஏன் அடைக்கிறது என்று யோசிக்கவில்லை. இந்த லட்சணத்தில் நான் காற்றழுத்தம் பாடம் எடுக்கிறேன்.

ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில், நாளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு அறை எடுத்தேன். "எத்தன பேருங்க?" என்றார் மேலாளர். ஒருத்தி என்றதும் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சாப்பாட்டுக் கடையிலும் இதே கேள்வி. தனியாகப் போகிற பெண்கள் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சர் கடை, ஒண்டிக்கடை என்கிற சந்திப்பிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். பெட்டியைத் திறந்ததுமே நசீர் பாய் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க மேடம், இதே மாதிரி ஒரு சார் வந்தாருங்களே. மூணு நாளு இங்கியேதான் கெடந்தாரு. ஊட்டுக்கே போமாட்டாரு போலன்னு நெனச்சேன். அவரு வரலீங்களா?"

"வரலீங்க" என்றேன்.

டார்ச் ஒளியைக் குழிக் கண்ணாடியில் விழவைத்து, திரும்பி வந்து குவியும் இடத்தில் பாதி ஒளியைப் பிளேடால் மறைக்க வேண்டும். நடுவே காற்று பாய்ந்தால், அடர்த்தி மாறுகிற இடங்களில் ஒளி லேசாக வளையும். அது எதிரே உள்ள வெள்ளைத்தாளில் நிழலாக விழும். கண்ணுக்குத் தெரியாத காற்றை இப்படித்தான் பார்க்கிறோம். ஷட்டரைப் பாதி இறக்கி இருட்டாக்கித் தந்தார் பாய்.

கம்ப்ரசர் குழாயில் குழல்முனையை மாட்டி அழுத்தத்தை ஏற்றினேன். அறுபதில் ஒன்றுமில்லை. எழுபதிலும் இல்லை. 83க்கு வந்தபோது, பாய்ச்சலுக்குள் மங்கலாக மூன்று குறுக்குக் கோடுகள் விழுந்தன, அதிர்வலைகள். மூன்று தடவை அணைத்துப் போட்டேன். மூன்று தடவையும் வந்தன.

"இது எப்படிங்க வரும்? கீழ கணக்குல வரவே இல்லியே!" என்று பாயிடமே கத்திவிட்டேன்.

அவருக்கு என் கோடுகள் புரியவில்லை, மீட்டர் புரிந்தது. "கீழ மீட்டரு வேற, மேல வேறீங்க மேடம். சேலத்துல டயருக்கு முப்பத்திரெண்டு புடிச்சுட்டு வருவாங்க. இங்க முப்பத்திநாலு காட்டும். காத்த எறக்கிடாதீங்க, நம்ம ஊரு காத்து லேசுன்னு நானே நொம்பப் பேருக்குச் சொல்லியிருக்கேன்."

அடிப்பாவி! என்னைத்தான் சொல்கிறேன். அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும்தான். வெளிக்காற்றின் அழுத்தத்தை நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். லேப்டாப்பைத் திறந்தேன். மூலையில் ஒரு கட்டத்தில் 98 என்று இருந்தது. சேலத்துக் காற்று, நான் போட்டு வைத்தது, வருடக்கணக்காக மாற்றாதது. ஏற்காட்டில் அது 85தான். உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைப் போல 1.89 மடங்கு இருந்தால் காற்று ஒலி வேகத்தைத் தொடும். என் கணக்கில் 83ஓடு 98ஐக் கூட்டினால் வரும் 181ஐ 98ஆல் வகுத்து 1.85, தொடவில்லை. அவர் அளந்த மலையில் 83ஓடு 85 சேர்ந்த 168ஐ 85ஆல் வகுத்தால் 1.98. தாண்டிவிட்டது. அவர் எழுதிய எண் அத்தனையும் சரி.

நசீர் பாய் டீ வாங்கி வந்தார். அவர் முன்னாலேயே அழுதேன். "கண்ணுல தூசிங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஷட்டரைத் தூக்கப் போய்விட்டார். நல்ல மனுஷன்.

மறுநாள் காலை சேர்வராயன் கோயிலுக்கு ஆட்டோவில் போனேன். போக வர, காத்திருப்பு சேர்த்து ஐந்நூறு. குகைக் கோயில், குனிந்துதான் உள்ளே போக வேண்டும். வெளியே மூடுபனி, சனிக்கிழமைக் கூட்டம் இன்னும் வரவில்லை. சிக்னல் நன்றாக இருந்தது, இனிச் சாக்கு இல்லை. குமரேசனுக்குப் போன் போட்டேன். எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, மன்னிச்சிருங்க என்றேன்.

"அன்னைக்கே சொன்னேனுங்களே கலா. மலைக்காத்தப் போட்டுப் பாருங்கன்னு. நீங்க எம் மூஞ்சியவே பாக்கல" என்றார்.

சொல்லியிருந்தார். இப்போது ஞாபகம் வந்தது. நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"கல்லூரிக்கு லெட்டர் போடறேங்க. எல்லாத்தையும் எழுதி."

"போடுங்க. எம் பையன் பெரியவனானா காட்டோணும்" என்றார். "ஆனா எனக்குப் போன் மட்டும் இனிமே பண்ணாதீங்க."

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சனி, ஞாயிறு கூட்டம் அதிகம். வெள்ளி காலை முதல் பஸ்களில் போங்கள். மூடுபனி பதினொரு மணிக்குத்தான் விலகியது, கோயிலுக்கு அவசரப்பட வேண்டாம். ஸ்வெட்டர் வேண்டும். கீழே காற்றுப் பிடித்து வந்த டயரை மேலே இறக்காதீர்கள். அளவெடுக்கப் போகிறவர்கள், நிற்கிற இடத்தின் காற்றழுத்தத்தை முதல் வரியில் எழுதுங்கள்.

ஞாயிறன்று கடிதத்தை எழுதி, குமரேசனுக்கும் ஒரு நகல் அனுப்பினேன். கல்லூரியிலிருந்து அவர் பேரில் தவறில்லை என்று பதில் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் போனைக் கையில் எடுத்தேன். எடுத்த பிறகுதான், கூடாது என்பது ஞாபகம் வந்தது.